வீடு லூயிசாவைத் தின்றுவிடவில்லை

லூயிசா மே ஆல்காட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் படித்தவர்களிடம் இன்று ஒரு கதை தயாராக இருக்கிறது. சல்லிக்காசு சம்பாதிக்கத் தெரியாத இலட்சியவாதி ஒருவருக்கு மகளாகப் பிறந்தார். அந்த விசித்திரக் குடும்பத்தின் வயிற்றுப்பாட்டுக்காகத் திரும்பத் திரும்ப வீட்டுக்கு இழுக்கப்பட்டார். புனைபெயரில் பழிவாங்கலும் சூழ்ச்சியுமாக எழுதிக்கொண்டிருந்தவர், கடன் அடைப்பதற்காக ‘லிட்டில் விமன்’ எழுதப்போய், சிறுமிகளின் ஆசிரியராகச் சுருங்கிப்போனார். கல்யாணமும் இல்லை, உடம்பும் போயிற்று. அப்பா இறந்த இரண்டாம் நாள் தானும் 55 வயதில் கண்மூடினார். வீடு அவரைத் தின்றுவிட்டது என்று கதை முடிகிறது. 2019இல் கிரெட்டா கெர்விக்கின் படம் வந்த பிறகு நம் பக்கத்து வாசகர்களும் இதையே சொல்லக் கேட்கிறேன்.

இதில் வரும் சம்பவங்கள் பெரும்பாலும் நடந்தவை. அவற்றிலிருந்து எடுக்கிற முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அது லூயிசாவுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். ஒரு பெண் யோசித்து, கணக்குப் பார்த்து, விலை தெரிந்து எடுத்த முடிவுகளையெல்லாம் அவள் கையிலிருந்து பிடுங்கி அப்பாவின் பேரில் எழுதிவிடுகிறது அந்தக் கதை.

முதலில் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எதிர்த்தரப்பார் சொல்வதில் ஒரு துளியையும் நான் குறைக்கப் போவதில்லை.

அப்பா பிரான்சன் ஆல்காட் கனெக்டிகட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் தென்மாநிலங்களில் மூட்டை சுமந்து சாமான் விற்றவர். தானாகப் படித்து ஆசிரியரானார். 1834இல் பாஸ்டனில் அவர் தொடங்கிய டெம்பிள் பள்ளியில் மனப்பாடம் கிடையாது. பிள்ளைகளிடம் கேள்வி கேட்டு, அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதுதான் பாடம். பைபிளைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசியதை அச்சிட்டு வெளியிட்டதும் ஊர் கொதித்தது, பெற்றோர் பிள்ளைகளை நிறுத்தினார்கள். பிறகு சிறிதாக ஒரு பள்ளி நடத்தினார். அதில் ஒரு கறுப்பினச் சிறுமியைச் சேர்த்துக்கொண்டார். அவளை வெளியே அனுப்பு என்று மற்ற பெற்றோர் மிரட்டினார்கள். அவர் மறுத்தார். 1839இல் அந்தப் பள்ளியும் மூடப்பட்டது. 1843 ஜனவரியில் தலைவரி கட்ட மறுத்துக் கைதானார். அதே காரணத்துக்காக எழுத்தாளர் தோரோ சிறையில் ஓர் இரவு இருந்தது அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான்.

அதே 1843 ஜூனில் குடும்பத்தோடு ஹார்வர்ட் என்ற கிராமத்துக்குப் போய், சார்லஸ் லேன் என்ற ஆங்கிலேயருடன் சேர்ந்து ஃப்ரூட்லேண்ட்ஸ் என்ற கூட்டுப்பண்ணையைத் தொடங்கினார். நிலம் வாங்கிய பணம் லேனுடையது. இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் கூடாது. அடிமைகளின் உழைப்பு என்பதால் பருத்தித் துணி கூடாது. ஆட்டிடமிருந்து பறிப்பது என்பதால் கம்பளியும் கூடாது. மாட்டைப் பூட்டி உழுவதும் அடிமைத்தனம் என்றார்கள். மாஸாசூஸெட்ஸின் குளிரில் சணல்நார் உடையோடு பச்சைத்தண்ணீர்க் குளியல். லூயிசாவுக்கு அப்போது பத்து வயது. ஆண்கள் தத்துவம் பேச ஊர் ஊராகப் போய்விட, அறுத்துப் போட்ட தானியம் களத்தில் கிடந்தது. மழை கறுத்து வந்தது. அம்மா அபிகெயிலும் பிள்ளைகளும் படுக்கை விரிப்புகளில் தானியத்தை அள்ளி வீட்டுக்குள் இழுத்தார்கள். முப்பது வருடம் கழித்து, 1873இல், இந்தக் காட்சியை லூயிசா எழுதினார். டிசம்பரில் லேன் குடும்பத்தையே பிரித்துவிடப் பார்த்தார். கணவனும் மனைவியும் தனித்தனியாக வாழ்வதுதான் தூய்மை என்பது அவருடைய வாதம். அந்தப் பேச்சைக் கேட்ட இரவில், அக்கா அன்னாவும் தானும் படுக்கையில் அழுததை லூயிசா நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். 1844 ஜனவரியில் பண்ணை கலைந்தது. பிரான்சன் சாப்பிட மறுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

கான்கார்ட் என்ற ஊரில் ஆர்ச்சர்ட் ஹவுஸ் என்ற வீட்டை வாங்கி அமைவதற்கு முன் இந்தக் குடும்பம் இருபது முறைக்கு மேல் வீடு மாறியது. நண்பரான எழுத்தாளர் எமர்சன் பலமுறை கைகொடுத்தார். 1854இல் பிரான்சன் மேற்கு மாநிலங்களில் சொற்பொழிவுச் சுற்றுப்பயணம் முடித்து நள்ளிரவில் பசியோடும் குளிரோடும் வீடு வந்தபோது பையில் இருந்தது ஒரே ஒரு டாலர். பிள்ளைகளுக்குச் சோறு போட்டது அபிகெயில்தான். பாஸ்டனில் ஏழைகளுக்கு உதவிப்பணி செய்தார், வேலைக்கு ஆள் சேர்த்துவிடும் அலுவலகம் நடத்தினார். மகள்கள் தையல், டியூஷன், வீட்டுவேலை என்று கிடைத்ததைச் செய்தார்கள். 1851இல் லூயிசா டெடமில் ஒரு வீட்டில் வேலைக்காரியாக ஏழு வாரம் இருந்துவிட்டுக் கையில் நான்கு டாலரோடு திரும்பினார்.

பிரான்சன் குடும்பக் கடமையில் தவறினார் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அந்தத் தவறின் சுமை பெண்கள் தலையில் விழுந்தது. இதைச் சொல்லாமல் அவரை ஞானி என்று கொண்டாடுகிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. ஆனால் அப்பா தவறினார் என்பதிலிருந்து மகள் அழிந்தாள் என்ற முடிவுக்குத் தாவுகிறார்களே, அங்கேதான் நடந்த வரலாறு அவர்களுக்குக் குறுக்கே நிற்கிறது.

லூயிசா வீடு திரும்பிய தருணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

1862 டிசம்பரில், உள்நாட்டுப் போரில் காயம்பட்ட வீரர்களுக்குச் செவிலியாக வேலைசெய்ய வாஷிங்டன் பக்கத்தில் ஜார்ஜ்டவுனுக்குப் போனார். ஆறே வாரம். டைபாய்டு காய்ச்சல் வந்து விழுந்தார். பிரான்சன் நேரில் போய் மகளை ரயிலில் அழைத்துவந்தார். வீட்டில் வாரக்கணக்கில் நினைவு தப்பிக் கிடந்தார், தலைமுடியை வெட்ட வேண்டியிருந்தது. தேறி எழுந்ததும், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டாருக்கு எழுதிய கடிதங்களை வைத்து ‘ஹாஸ்பிடல் ஸ்கெட்சஸ்’ எழுதினார். 1863இல் அது பத்திரிகையில் தொடராகவும் பிறகு நூலாகவும் வந்து, அவருக்கு முதல்முதலாக எழுத்தாளர் என்ற பெயரைத் தந்தது. அந்தக் கடிதங்களின் குரல் எங்கிருந்து வந்தது? அம்மாவும் அக்கா தங்கையும் விளக்கடியில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார்கள் என்று தெரிந்து எழுதிய குரல் அது. சிரிக்கவும் வேண்டும், கலங்கவும் வேண்டும், பொய் சொன்னால் அம்மா கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்ட முதல் வாசகர்கள் எத்தனை எழுத்தாளர்களுக்கு வாய்த்தார்கள்?

1865இல் நோயாளிப் பெண் ஒருவருக்குத் துணையாக ஐரோப்பா போனவர், 1866 ஜூலையில் திரும்பியபோது வீடு கடனில் இருந்தது, அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை. உட்கார்ந்து எழுதித் தள்ளினார். அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் ‘தி ஃப்ளாக் ஆஃப் அவர் யூனியன்’ பத்திரிகையில் ஏ. எம். பர்னார்ட் என்ற பெயரில் வெளிவந்த கதைதான் ‘பிஹைண்ட் எ மாஸ்க்’. ஒரு பணக்காரக் குடும்பத்தையே தன் நடிப்பால் வளைத்துப்போடும் ஜீன் மியூர் என்ற ஆசிரியையின் கதை அது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எதிர்த்தரப்பின் பெரிய ஆயுதமே இந்த பர்னார்ட்தான். 1943இல் லியோனா ராஸ்டன்பர்க் அந்தப் புனைபெயரைக் கண்டுபிடித்து எழுதினார். பின்னால் மேடலின் ஸ்டெர்ன் அந்தக் கதைகளைத் தொகுத்து வெளியிட்டார். அன்றிலிருந்து, இதோ உண்மையான லூயிசா, குடும்பத்துக்காக அவர் புதைத்துக்கொண்ட லூயிசா இவர்தான் என்ற பேச்சு தொடங்கிவிட்டது. சரி, அந்த உண்மையான லூயிசா யாருக்காக எழுதினார்? அதே குடும்பத்துக்காக. பழிவாங்கும் நாயகியைப் படைத்ததும் மளிகைக் கடனுக்குத்தான், ‘லிட்டில் விமன்’ நாவலின் மார்ச் சகோதரிகளைப் படைத்ததும் மளிகைக் கடனுக்குத்தான். ஃப்ராங்க் லெஸ்லியின் பத்திரிகை நடத்திய போட்டியில் 100 டாலர் பரிசு வாங்கிய கதையின் பணமும் வீட்டுக்கே போயிற்று. பணத்துக்காக எழுதியது பொய்யெழுத்து என்றால் இரண்டுமே பொய். தேவைக்கு எழுதியதிலும் ஒருவருடைய உயிர் இருக்கலாம் என்றால் இரண்டிலுமே இருக்கலாம். நமக்குப் பிடித்ததை அவருடைய சுதந்திரம் என்றும், பிடிக்காததை வீட்டின் நிர்ப்பந்தம் என்றும் பிரித்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. இன்னொன்றும் உண்டு. ‘லிட்டில் விமன்’ புகழுக்குப் பிறகும் அவர் இருட்டுக் கதையை விடவில்லை. 1877இல் ராபர்ட்ஸ் பிரதர்ஸ் பெயரில்லா ஆசிரியர்கள் வரிசையில் வெளியிட்ட ‘எ மாடர்ன் மெஃபிஸ்டோபிலிஸ்’ அவர் எழுதியது. நினைத்தபோது அந்தக் கதவைத் திறந்துகொண்டு போனார், வந்தார்.

இனி 1868. இந்த விவாதத்தின் உயிர்நாடியே இதுதான்.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் லூயிசா பாஸ்டனில் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தார். வயது 35. ‘மெர்ரிஸ் மியூசியம்’ என்ற சிறுவர் பத்திரிகைக்கு ஆசிரியர், ஆண்டுக்கு 500 டாலர் சம்பளம். சொந்த அறை, சொந்த வருமானம், தொந்தரவு செய்ய ஆளில்லை. நம் கதாசிரியர்கள் கனவுகாணும் சுதந்திரப் பெண் வாழ்க்கை அது. பிப்ரவரி கடைசியில் வீட்டில் அவர் தேவைப்பட்டார். சாமான்களைக் கட்டிக்கொண்டு கான்கார்டுக்கு வந்துவிட்டார். சிறுமிகளுக்கு ஒரு நாவல் வேண்டும் என்று பதிப்பாளர் தாமஸ் நைல்ஸ் முந்தைய ஆண்டே கேட்டிருந்தார், எழுத்து ஓடவில்லை. மே மாதம் வேறொரு காரியமாக நைல்ஸைப் பார்க்கப்போன பிரான்சனிடம் அவர் மறுபடியும் கேட்டார். வேண்டாவெறுப்பாகத்தான் லூயிசா உட்கார்ந்தார். சிறுமிகளைத் தனக்குப் பிடிக்காது, தன் சகோதரிகளைத் தவிரப் பெரிதாக யாரையும் தெரியாது என்று நாட்குறிப்பில் எழுதினார். ஜூனில் பன்னிரண்டு அத்தியாயம் அனுப்பினார். நைல்ஸுக்குச் சப்பென்று இருந்தது, லூயிசாவும் ஒப்புக்கொண்டார். ஆனாலும் நிறுத்தவில்லை. ஜூலை நடுவில் 402 பக்கக் கைப்பிரதி தயார்.

பாஸ்டன் அறையில் வராத புத்தகம் கான்கார்ட் வீட்டில் இரண்டரை மாதத்துக்குள் வந்தது. இது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியாது. சகோதரிகளைத் தவிர யாரையும் தெரியாது என்றவர், அந்தச் சகோதரிகளோடு நாடகம் போட்டு விளையாடிய காலத்தின் எல்லா மிச்சமும் கிடந்த வீட்டில் உட்கார்ந்திருந்தார். 1858 மார்ச்சில் 22 வயதில் செத்துப்போன எலிசபெத்தின் நினைவு அங்கே இருந்தது. 1860இல் அன்னாவின் கல்யாணம் நடந்த கூடம் அங்கே இருந்தது. எழுதிய மேஜை எது? படுக்கையறையில் இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே சுவரோடு சேர்த்துப் பிரான்சன் தன் கையால் அடித்துக் கொடுத்த அரைவட்டப் பலகை. பெண்கள் அதிகம் எழுதினால் நரம்பு கெடும் என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், மகளுக்கு எழுதுமேஜை செய்துகொடுத்த அப்பா அவர். மேஜைக்கு அருகே தங்கை மே தீட்டிய பூக்கள் இருந்தன.

வீடு எதையும் தரவில்லை, எடுத்துக்கொண்டே இருந்தது என்பவர்கள் இதையும் பார்க்கட்டும். 1846இல், 13 வயதில், அப்போது குடியிருந்த ஹில்சைடு என்ற வீட்டில் லூயிசாவுக்கென்று தனியறை கிடைத்தது. அதன் கதவு தோட்டத்துக்குத் திறந்தது. அந்தக் காலத்தில் வசதியுள்ள குடும்பத்துப் பெண்களுக்கே அது அரிது. இவர்கள் கடனாளிகள். 1861 பிப்ரவரியில் ‘மூட்ஸ்’ நாவலைத் திருத்தி எழுதுகையில் மூன்று வாரம் இருந்த இடத்தைவிட்டு எழவில்லை. அம்மா பச்சைப்பட்டில் சிவப்பு ரிப்பன் வைத்து ஒரு எழுத்துத் தொப்பி தைத்துத் தந்தார், தேநீரோடு அடிக்கடி வந்து கவலையோடு எட்டிப்பார்த்தார். அப்பா இருப்பதிலேயே சிவந்த ஆப்பிள்களையும் நன்கு புளித்த ஆப்பிள் சைடரையும் கொண்டுவந்து வைத்தார். பொதுவறையில் இருக்கும்போது கூப்பிடலாமா கூடாதா என்று தெரிவிக்க சோபாவில் ஒரு திண்டு இருந்ததாம். அது நிமிர்ந்திருந்தால் பேசலாம், சாய்ந்திருந்தால் பக்கத்தில் போகக்கூடாது. இந்த வீட்டில் எல்லோரும் எழுத்தை வேலை என்று மதித்தார்கள். ரொட்டிக்கு வழியில்லாதபோதும் மதித்தார்கள். ‘அட்லாண்டிக்’ பத்திரிகையின் பதிப்பாளர் ஜேம்ஸ் ஃபீல்ட்ஸ், உனக்கு எழுத்து வராது, வாத்தியார் வேலையைப் பார் என்று சொல்லி 40 டாலரைக் கடனாகக் கொடுத்து அனுப்பினார். அப்படிச் சொன்னது பாஸ்டன். கான்கார்டு வீட்டில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை.

‘லிட்டில் விமன்’ இரண்டாம் பாகத்தில் நாயகி ஜோவுக்குக் கல்யாணம் முடித்து வைத்ததையும் வீட்டின் குற்றப்பட்டியலில் சேர்க்கிறார்கள். அது வெறும் கவனக்குறைவு. ஜோ கல்யாணம் செய்யாமல் எழுத்தாளராகவே இருந்திருக்க வேண்டும் என்பதுதான் லூயிசாவின் விருப்பம். கல்யாணம் வேண்டும் என்று கடிதம் எழுதிக் குடைந்தவர்கள் வாசகிகள். அவர்களுக்குப் பிடிகொடுக்காமல், பக்கத்து வீட்டு லாரிக்கு ஜோவைத் தரமாட்டேன் என்று ஒரு நடுவயது ஜெர்மன் பேராசிரியரைக் கொண்டுவந்தார். அந்த இரண்டாம் பாகத்தை எங்கே எழுதினார் தெரியுமா? 1868 நவம்பரில் பாஸ்டனில், வாடகை அறையில். முதல் பாகத்துக்கு வீடு தேவைப்பட்டது, வீட்டுக்கு வந்தார். இரண்டாம் பாகத்துக்குத் தனிமை தேவைப்பட்டது, வெளியே போனார். அதன் பிறகு பல வருடம் குளிர்காலம் பாஸ்டனில், மற்ற காலம் கான்கார்டில் என்று மாறி மாறி இருந்தார். சிறைப்பட்டவர் இப்படிப் போய்வர முடியாது.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த விஷயத்தில் என் மனதை மிகவும் சுடுவது.

கான்கார்டில் அதே தெருக்களில் இன்னொருவர் இருந்தார், ஹென்றி தோரோ. ஹார்வர்ட் கல்லூரியில் படித்துவிட்டு வீடு திரும்பினார். ஸ்டேட்டன் தீவில் டியூஷன் வேலைக்குப் போய் 1843 கடைசியில் மறுபடி வீடு திரும்பினார். வால்டன் குளக்கரையில் இருந்த இரண்டு வருடம் இரண்டு மாதம் இரண்டு நாளையும் எமர்சன் வீட்டில் தங்கிய காலத்தையும் கழித்தால், வாழ்நாளின் பெரும்பகுதியை அம்மா நடத்திய வீட்டில்தான் கழித்தார். குடும்பத்தின் பென்சில் தொழிலில் உழைத்தார். அமெரிக்காவிலேயே நல்ல பென்சில் செய்யும் முறையைக் கண்டுபிடித்துத் தந்தார். சாகும்போதும் அந்த வீட்டில்தான். தோரோவை வீடு தின்றுவிட்டது என்று ஒருவராவது எழுதியிருக்கிறாரா? நதானியல் ஹாத்தார்ன் 1825இல் கல்லூரி முடித்து சேலத்தில் அம்மா வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருடம் மாடியறையில் கிடந்து எழுதிப் பழகினார். அதற்கு இலக்கிய வரலாற்றில் தவம் என்று பெயர். அவர் வீடு திரும்பினால் தவம், இவர் திரும்பினால் பலி.

ஆண் வீடு திரும்பினால் அவன் அங்கே என்ன எழுதினான் என்று கேட்கிறோம். பெண் திரும்பினால் அங்கே எத்தனை பாத்திரம் கழுவினாள் என்று கேட்கிறோம். லூயிசா பாத்திரமும் கழுவினார், துணியும் தைத்தார், அம்மாவுக்கு மருந்தும் கொடுத்தார். தோரோவிடம் அந்த வேலைகளை யாரும் எதிர்பார்க்கவில்லை. அவருடைய துணியைத் துவைத்தது வீட்டுப் பெண்கள். இந்த ஏற்றத்தாழ்வு உண்மை, கசப்பானது, பேச வேண்டியது. ஆனால் அந்த அநியாயத்தைக் கண்டிக்கப் புறப்பட்டவர்களே, கழுவிய பாத்திரத்தை மட்டும் எண்ணிவிட்டு எழுதிய புத்தகத்தை வீட்டின் நிர்ப்பந்தம் என்று ஒதுக்கிவிட்டால், அந்தப் பெண்ணுக்கு மிஞ்சுவது பாத்திரம்தான்.

உடம்பு கெட்டதற்கும் வீடுதான் காரணம் என்கிறார்கள். ஜார்ஜ்டவுன் ஆஸ்பத்திரியில் டைபாய்டுக்கு அவருக்குக் கேலோமெல் கொடுத்தார்கள். அது பாதரச மருந்து. அன்றைய மருத்துவம் அவ்வளவுதான். பின்னாளில் வந்த வலி, தலைச்சுற்றல், கைகால் வீக்கம் எல்லாவற்றுக்கும் அந்தப் பாதரசம்தான் காரணம் என்று லூயிசாவே நம்பினார். லூபஸ் நோயாக இருக்கலாம் என்று இந்த நூற்றாண்டில் மருத்துவர்கள் சிலர் வாதிட்டிருக்கிறார்கள். இரண்டில் எதுவானாலும் கான்கார்டின் சமையலறைக்கு அதில் பங்கில்லை. அளவுக்கு மீறி உழைத்தார் என்பது உண்மை. வலதுகைப் பெருவிரல் மரத்துப்போக, இடதுகையால் எழுதப் பழகிக்கொண்டார். அந்த வெறி குடும்பம் ஊட்டியது மட்டுமில்லை. எழுத உட்கார்ந்தால் சாப்பாடு தூக்கம் மறந்து சுழலுக்குள் போய்விடும் சுபாவம் இளம்பெண்ணாக இருந்த காலத்திலிருந்தே அவரிடம் இருந்தது.

அப்படியானால் அவர் இழக்கவே இல்லையா? இழந்தார். 1870க்குப் பிறகு சிறுமிகளுக்கான புத்தகங்களை எழுதி எழுதி அலுத்துப்போனார். பிள்ளைகளுக்கு நீதி புகட்டும் கஞ்சி என்று தன் எழுத்தையே சலித்துக்கொண்டார். பெரியவர்களுக்காக எழுத நினைத்த எவ்வளவோ எழுதப்படாமல் போயிற்று. 1870 நவம்பரில் அக்காவின் கணவர் ஜான் பிராட் இறந்த செய்தி ரோமில் இருந்தவருக்கு வந்ததும், அந்த இரண்டு பையன்களின் எதிர்காலத்துக்காக ‘லிட்டில் மென்’ எழுத உட்கார்ந்தார். பயணத்தின் சந்தோஷம் அதோடு போயிற்று. இந்த இழப்பை மறைத்து, கடமை தவறாத நல்ல மகள் என்று படம் மாட்டியவர் எட்னா செனி. 1889இல் அவர் தொகுத்த வாழ்க்கை வரலாறும் கடிதங்களும் ஒரு தலைமுறைக்கு லூயிசாவைப் புனிதையாக்கின. இன்று அவரைப் பலியாடு என்பவர்கள் செனியை மறுப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் செனியின் படத்தைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். இரண்டு படத்திலும் லூயிசா தானாக எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. ஒன்றில் கடமை அவரை நடத்துகிறது, மற்றதில் அப்பா நடத்துகிறார்.

லூயிசா தேர்ந்தெடுத்ததைப் பார்க்கலாம். முழு உரிமையையும் ஒரு தொகைக்கு விற்றுவிடாமல் காப்புரிமையைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்ன நைல்ஸின் யோசனையை ஏற்றார். அந்த ஒரு முடிவால் குடும்பத்தின் பழைய கடன் அத்தனையும் தீர்ந்தது. தங்கை மேயை ஓவியம் படிக்க மூன்று முறை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1877இல் மேயின் ஓவியம் பாரிஸ் சலோன் ஓவியக் கண்காட்சியில் இடம்பெற்றது. குடும்பத்துக்காக ஒருத்தி வீட்டில் தங்கினால் எல்லோரும் தங்க வேண்டும் என்பதில்லை. ஒருத்தி சம்பாதித்தால் இன்னொருத்தி பறக்கலாம் என்று செய்து காட்டினார். அன்னாவுக்கு 1877இல் தோரோ குடும்பம் இருந்த வீட்டையே வாங்க உதவினார். அம்மாவின் கடைசிக் காலத்தில் பணக்கவலை இல்லாமல் பார்த்துக்கொண்டார். அந்த ஆண்டு நவம்பரில் அம்மா இறந்தார். அம்மாவுக்கு அந்த நிம்மதியைக் கொடுப்பதுதான் அவர் சின்ன வயதில் தனக்கு வைத்துக்கொண்ட இலக்கு. எட்டிப்பிடித்த இலக்கை அவருக்கு நேர்ந்த விபத்தாகப் பேசுவது எந்த நியாயம்?

அந்தக் கிறுக்கு அப்பாவிடமிருந்து அவர் பெற்ற இன்னொன்றும் இருக்கிறது. 1879இல் மாஸாசூஸெட்ஸ் மாநிலம் பள்ளிக்குழுத் தேர்தலில் மட்டும் பெண்கள் வாக்களிக்கலாம் என்று சட்டம் கொண்டுவந்தது. கான்கார்டில் முதல் ஆளாகப் பெயர் பதிந்தவர் லூயிசா. கூட்டம் சேர்க்கத் தெருத்தெருவாக அலைந்தார், பெண்கள் தயங்கினார்கள். 1880 மார்ச் 29 அன்று ஊர்க்கூட்டத்துக்கு இருபது பெண்கள் வந்தார்கள். எண்பது வயது பிரான்சன் எழுந்து, பெண்கள் முதலில் வாக்களிக்கட்டும் என்றார். இருபது பேரும் வரிசையாகப் போய்ச் சீட்டைப் போட்டார்கள். உடனே நீதிபதி ஒருவர், வாக்குப்பதிவை இத்துடன் முடித்துக்கொள்ளலாம் என்று முன்மொழிந்தார், நிறைவேறிவிட்டது. அந்த வருடம் கான்கார்டின் பள்ளிக்குழுவைப் பெண்கள் மட்டுமே தேர்ந்தெடுத்தார்கள். ஆண்கள் சிலர் முணுமுணுத்தார்கள். வயிற்றுக்குச் சோறு போடத் தெரியாத அதே மனிதர்தான், வரி கட்டாமல், பருத்தி உடுத்தாமல், கறுப்பினச் சிறுமியைப் பள்ளியிலிருந்து அனுப்பாமல் நின்றவர். மகள் அந்தப் பிடிவாதத்தை எடுத்துக்கொண்டார், சோற்றுக்கு வழிபண்ணாத பாதியை விட்டுவிட்டார்.

1879 டிசம்பர் 29 அன்று மே பாரிஸ் பக்கத்தில் இறந்தார், குழந்தை பிறந்து ஏழே வாரம். குழந்தை லூயிசாவின் பெயரையே தாங்கியிருந்தது. தாயின் விருப்பப்படி மறு ஆண்டு கடல் கடந்து வந்து சேர்ந்தது. 47 வயதில், நோயோடு, லூயிசா அந்தப் பிள்ளையை வளர்த்தார். 1882இல் பக்கவாதத்தில் விழுந்த அப்பாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டார். அவரைச் சிறுமைப்படுத்தும் இரக்கத்தோடு இதைச் சொல்கிறவர்கள், அவர் அந்தக் கடைசி வருடத்தில் செய்த ஒரு காரியத்தைச் சொல்வதே இல்லை. 1887இல், தான் இறந்தால் தன் புத்தகங்களின் காப்புரிமையைச் சட்டப்படி புதுப்பிக்க வாரிசு வேண்டும் என்று யோசித்து, வளர்ந்த ஆளாக இருந்த அக்கா மகனை, தந்தையின் பெயரையே தாங்கிய ஜான் பிராட்டைத் தத்தெடுத்தார். ஜான் பிராட் ஆல்காட் என்று பெயர் மாறிய அவர் வழியாக, ‘லிட்டில் விமன்’ சம்பாதித்த பணம் லூயிசா குறித்துவைத்த ஆட்களுக்கே போய்ச் சேர்ந்தது.